பகலில் அணைத்த ஃபிரிட்ஜ்

இருங்காட்டுக்கோட்டை,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய பேச்சியம்மாள் அக்காவுக்கு, உங்கள் மகள் சந்திரலேகா வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி லீலா கும்பிட்டு எழுதுவது. நீங்களும் அண்ணனும் லேகாவும் நல்லபடியாக இருக்க வேண்டும். நம் இருவரில் யார் மூத்தவர் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நாலு வயது குறையட்டுமே என்றுதான் அக்கா போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன வாரம் இரண்டு தடவை பேசினேனே, இதைச் சொல்லத்தான் பேசினேன். உங்கள் குரலைக் கேட்டதும் உங்கள் ஊர் வெயிலைக் கேலி பண்ணிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். என் வாய் அப்படி. ஏதாவது சங்கடம் என்றால் உடனே சிரிப்புக்குள் போய் ஒளிந்துகொள்வேன். காகிதத்தில் அது முடியாது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பிழை இருந்தால் தள்ளிப் படியுங்கள்.

இங்கே நாங்கள் சுகம். என் வீட்டுக்காரருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். பக்கத்தில் இன்னொரு கம்பெனி வருகிறது என்று மண் கொட்டுகிறார்கள், வீடெல்லாம் புழுதி. தண்ணீர் லாரிக்காரன் விலையை ஏற்றிவிட்டான். ஏற்றட்டும், என்னிடம் அவன் பருப்பு வேகாது. குடிதண்ணீர் மெஷினில் கழிந்து போகிற தண்ணீரைப் பிடித்துத்தான் பாத்திரம் கழுவுகிறேன். குக்கர் இரண்டு விசில் விட்டதும் அடுப்பை அணைத்துவிடுவேன், மீதி அதுவே வேகும். கரைந்த சோப்புத் துண்டுகளைப் பழைய சாக்ஸில் போட்டுத் தரை துடைப்பேன். வாலாஜாபாத் சந்தைக்குக் கடை கட்டுகிற நேரத்தில்தான் போவேன். லேகாகூடச் சொல்வாள், "லீலாக்கா, ஒங்க கிட்ட காசு வந்தா அதுக்கு வெளிய போற வழியே மறந்துரும்" என்று. சிரிக்காதீர்கள், இப்படி மிஞ்சினதைப் பருப்பு டப்பாவில் போட்டுப் போட்டுத்தான் அந்த ஃபிரிட்ஜையே வாங்கினேன். கடன் இல்லை, தவணை இல்லை. கடைக்காரன் முன்னால் டப்பாவைக் கவிழ்த்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அக்கா, அந்த ஃபிரிட்ஜைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

லேகா குடி வந்த அன்றைக்கு ஒரு சின்ன மண்பானை வாங்கி வந்தாள். ஈர மணல் போட்டு இன்சுலின் மருந்தை அதில் வைக்கப் போவதாகச் சொன்னாள். நான்தான் விடவில்லை. "வூட்ல அம்மாம் பெரிய ஃபிரிட்ஜ் கீது, பானையில வெச்சிக்கினு இன்னாடி சித்த வைத்தியம் பண்ற?" என்று கேலி பண்ணி, மருந்தை வாங்கி நானே உள்ளே வைத்தேன். கரண்டுக்கு என்று மாதம் நூறு ரூபாயும் வாங்கினேன்.

கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் ஒரேயடியாக ஏறிவிடும். இந்தச் சித்திரையில் ஃபேன் நிற்காமல் ஓடியதில் தாண்டிவிடும்போல இருந்தது. அதனால் காலையில் ரூம்களில் வாடகைக்கு இருக்கிற பெண்கள் கம்பெனி பஸ் ஏறியதும் ஃபிரிட்ஜை அணைப்பேன், சாயங்காலம் அவர்கள் வருவதற்குள் போடுவேன். கதவைத் திறக்காவிட்டால் குளிர்ச்சி எங்கே போகும் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். எங்கள் சமையல்கட்டு தகர ஷீட் கூரை போட்டது. பகலில் உள்ளே நிற்கவே முடியாது.

அந்த மாதம்தான் லேகாவுக்குச் சர்க்கரை ஏறியது. தண்ணீராகக் குடிப்பாள், வேலையில் தலை சுற்றி உட்கார்ந்தாள். ஊசி தவறாமல் போட்டாள், நானே பார்த்தேன். எனக்கு அப்போதும் கேலிதான். "இன்னாடி, எவனாவது டெய்லி ஜாங்கிரி வாங்கித் தர்றானா?" என்று எல்லாப் பெண்கள் முன்னாலும் கேட்டேன். "சத்தியமா ஒண்ணும் திங்கலக்கா" என்றாள். நான் கண்ணடித்தேன். அதோடு விட்டேனா, உங்களுக்குப் போன் போட்டு உங்கள் பெண் திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறாள் என்று வேறு சொன்னேன்.

நீங்கள் வந்தீர்கள். அவள் பெட்டியில் கடலை மிட்டாய்ப் பொட்டலம் கிடைத்தது. "ஏட்டி, பெத்தவகிட்டயே பொய் சொல்லுதியா?" என்று ஓங்கி ஒரு அடி வைத்தீர்கள். சர்க்கரை சட்டென்று இறங்கினால் தின்பதற்கு டாக்டர் வைத்துக்கொள்ளச் சொன்னதாக அவள் அழுதாள். அந்தப் பொட்டலம் பிரிக்கவே இல்லை அக்கா. நீங்கள் ஆத்திரத்தில் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, "மாட்டிக்கினா பாரு" என்று சிரித்தேன்.

நீங்கள் அவளைக் கூட்டிப் போன பிறகு, அவள் ரூமில் இருக்கிற சசிரேகா தோசை மாவு எடுக்க வந்தாள். மாவு பொங்கி வழிந்து கிடந்தது. "இன்னாக்கா, ஃபிரிட்ஜ் ஓடுதா இல்லியா?" என்று கேட்டாள். நான் பெருமையாக என் யுக்தியைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப லேகா மருந்து?" என்றாள்.

விட்டுப் போன மருந்தை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் டப்பாவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தினமும் சூடுபட்ட மருந்தின் சக்தி போய்விடும், ஊசி போட்டும் வேலை செய்திருக்காது என்றார்.

"ஊருக்கு வந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது, என் கண் முன்னால் இருந்தால்தான் ஒழுங்காக இருப்பாள், இனி அனுப்ப மாட்டேன்" என்று போனில் சொன்னீர்களே. உங்கள் காவலால் இறங்கவில்லை அக்கா. அங்கே புது மருந்து வாங்கினீர்கள், அதனால் இறங்கியது. உங்கள் பெண் எதையும் தின்னவில்லை. பொய்யும் சொல்லவில்லை. நான் கெடுத்த மருந்துக்கு அவள் அடி வாங்கினாள். இதை அங்கே டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரிய வேண்டும்.

நேற்று அவளுடைய லைன் சூப்பர்வைசர் சிவசங்கர் வந்தார். அடுத்த திங்கட்கிழமை சேரவில்லை என்றால் வேறு ஆள் எடுத்துவிடுவார்களாம். அவள் கை வேகம் அந்த லைனில் யாருக்கும் இல்லை என்றார். அவர் போனதும் இந்தக் காகிதமும் கவரும் வாங்கி வந்தேன்.

எல்லார் முன்னாலும் கேலி பண்ணினேன் இல்லையா, அதனால் போன ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். கலைமதி எழுந்து, ஃபிரிட்ஜிலிருந்து தன் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஃபிரிட்ஜ் இப்போது இராப்பகலாக ஓடுகிறது. லேகாவிடம் வாங்கின கரண்டுக் காசை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். அது அவளுடையது, மன்னிப்புக்கு விலை என்று நினைத்துவிடாதீர்கள்.

அவள் மருந்தை இனி என்னை நம்பி வைக்க வேண்டாம், அவள் ரூமிலேயே வைத்துக்கொள்ள வழி பண்ணுகிறேன். என் வீடே வேண்டாம் என்றால் தண்டலத்தில் நல்ல ஹாஸ்டல் பார்த்து வைத்திருக்கிறேன். வேலையை மட்டும் விட வைக்காதீர்கள். அனுப்ப மனது வரவில்லை என்றாலும், இதைப் படித்த உடனே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீ சொன்னது நிஜம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அவள் கேட்பாளோ மாட்டாளோ, நீங்கள் சொன்னால் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் ஊர் ரயில் தாம்பரத்தில் நிற்கும்போது நான் பிளாட்பாரத்தில் இருப்பேன். அவள் இறங்கி என்னைப் பார்க்காமல் நடந்து போனாலும் சரி, பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு வருவேன். அந்த வண்டியில் இல்லை என்றால் அடுத்த வண்டிக்கும் நிற்பேன்.

குழந்தை நூறு வயது நல்லபடியாக வாழட்டும்.

உங்கள் பெண்ணை நம்பாமல் போன,
லீலா