கெரட்டின் அறைக்கு ஜன்னல் கோரி ஒரு மனு

அனுப்புநர்:
வரவேற்பாளர் (தற்போது சலவைக் கிடங்கில்),
ரயில் நிலையம் எதிரிலுள்ள தங்கும் விடுதி.

பெறுநர்:
உயர்திரு நகர்நல அலுவலர் அவர்கள்.

பொருள்: விடுதி அழகு நிலையத்தில் முடியை நேராக்கச் செய்யும் கெரட்டின் சிகிச்சையால் என் தலைமுடிக்கும், அங்கு பணிபுரியும் பெண்ணின் மூச்சுக்கும் நேர்ந்த கேடு – நேரில் ஆய்வு செய்யக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. அதோடுதான் வரவேற்பறையில் ஆறு வருடம் நின்றேன். அதைப் பார்த்து அறை வேண்டாமென்று யாரும் திரும்பிப் போனதில்லை. புதிய மேலாளருக்கு மட்டும் அது கண்ணை உறுத்தியது. "என்னம்மா, தூங்கி எழுந்து அப்படியே வந்த மாதிரி இருக்கு? கீழ போய் கெரட்டின் பண்ணிக்கோ. இல்லேன்னா முன்னாடி நிக்காதே" என்றார். கீழே உள்ள அழகு நிலையமும் விடுதிக்குச் சொந்தமானதே.

2. முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது, அது குறைந்ததால்தான் என் முடி சுருண்டுவிட்டது என்று நிலையப் பொறுப்பாளர் விளக்கினார். முன்பாதி உண்மை. பின்பாதி பொய் என்பது தோல் மருத்துவரிடம் போன பிறகே தெரிந்தது. சுருட்டை குறைபாடே அல்லவாம். வேரிலிருந்தே அப்படித்தான் வளருமாம்.

3. நிலையத்தில் கெரட்டின் செய்யும் அறையில் ஜன்னலை அடைத்து ஆளுயரக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அங்கு வேலை செய்யும் அக்கா, பெயர்ச்சீட்டு இல்லாத பாட்டிலிலிருந்து திரவத்தைத் தடவி, சூட்டுக் கருவியால் முடியை இழுக்க இழுக்கப் புகை எழுந்தது. கண்ணில் நீர் கொட்டியது; உச்சந்தலை காந்தியது. போதும் என்றேன். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, பாதியில விட்டா என்னைத்தான் திட்டுவாங்க" என்றார். முகக்கவசத்துக்குள் இருமிக்கொண்டே இருந்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "வெளிய போனா சரியாயிடும்" என்றார்.

4. முடி நேரானது. மேலாளர் மெச்சினார். சில வாரங்களில் சீப்பை வைத்தாலே கொத்துக் கொத்தாக ஒடிந்தது, உச்சியில் புண். "கெஸ்ட் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று அதே மேலாளர் என்னைச் சலவைக் கிடங்குக்கு மாற்றினார். படுக்கை விரிப்புகளுக்கு என் முடியைப் பற்றி ஆட்சேபணை இல்லை.

5. இதோடு நின்றிருந்தால் என் தலையெழுத்து என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன். போன வாரம் அக்கா அந்த அறையிலேயே மூச்சு முட்டி விழுந்தார். மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். திரவத்தில் ஃபார்மலின் இருக்கலாம், சூடுபட்டால் அந்த ஆவி மூச்சுக்குழாயைக் கெடுக்கும், சோதித்தால்தான் உறுதியாகும் என்றார் மருத்துவர். நிர்வாகமோ, "அவங்களுக்குத் தூசி அலர்ஜி" என்று முடித்துவிட்டது. பிள்ளைகளின் படிப்பை நினைத்து அக்கா மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். "எங்க போனாலும் என் பேச்சை மட்டும் எடுக்காதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சொல்லை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

6. ஆகவே, முன்தகவல் தராமல் வாருங்கள். தந்தால் நல்ல பாட்டில்கள் அலமாரிக்கு வந்துவிடும். திரவத்தைச் சோதனைக்கு எடுங்கள். அடைத்த ஜன்னலைத் திறக்க உத்தரவிடுங்கள். என் முடி மறுபடி வளரும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்காவின் நுரையீரலைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை.

புகார் கொடுத்தது யார் என்று மேலாளர் கேட்பார். ரகசியம் காக்க வேண்டாம் ஐயா. அக்கா மீது சந்தேகம் விழாதபடி, நான்தான் என்று தாங்களே சொல்லிவிடுங்கள். அதற்காகவே கீழே தெளிவாகக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

இடம்: விடுதியின் சலவைக் கிடங்கு
நாள்: ஜூன் 9

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)