அவனோடு போனவனுக்கு

அன்புப் பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? எத்தனை தடவை அடித்தாலும் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால் அங்கே நீ இருக்கும் விலாசத்தை உன் அப்பாவிடம் வாங்கினேன். கடிதமென்றால் பிரித்துப் பார்க்காமல் இருக்க உனக்கு மனசு வராது.

கால் ஆறிவிட்டதா? இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று உன் அப்பா சொன்னார். செருப்புப் போட முடிகிறதா? ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பிள்ளையைப் பற்றி நீ போனில் அழுது சொன்ன செய்தியை எங்களிடம் கொண்டுவந்தவர் அவர்தான். அதன்பிறகு எங்கள் இஸ்திரிக் கடைப் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. எதிரே என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் போய்விடுவார். கசங்கின சட்டையோடு ஒயரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். போன வாரம் நானே உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். "உங்க முகத்துல எப்படிம்மா முழிப்பேன்? என் பையன் இருக்கான்…" என்று பாதியில் நிறுத்திவிட்டார். கொடியில் கிடந்த சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அவரே கொண்டுவந்து கொடுக்கிறார்.

தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்கிறார்கள். நீதான் அவனை இழுத்துக்கொண்டு போனாய் என்று பால்காரம்மா என் கடையிலேயே நின்று சொன்னாள். எனக்கு வந்ததே கோபம்! "வெளிநாடு வெளிநாடுன்னு என் உயிரை எடுத்தவன் என் பிள்ளை. அந்த ஊமை அவன் பின்னாலயே போச்சு, அவ்வளவுதான்" என்று சத்தம் போட்டேன். ஊமை என்றதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அந்த வாயாடி பக்கத்தில் இருந்தால் யாருக்குத்தான் பேச இடம் கிடைக்கும்?

விசா கிடைக்காமல் போனதும் மலை வழியாக எல்லை தாண்டிப் போகலாம் என்று ஆரம்பித்தவன் அவன். நாங்கள் தலைதலையாக அடித்துக்கொண்டோம், கேட்டானா? நீ சொன்னதும் என் காதில் விழுந்தது. "பனி கொறையட்டும்டா, அப்புறம் போவோம்" என்றாய். "நீ வராட்டி இரு, நான் போறேன்" என்றான். அவனைத் தனியாக அனுப்ப உனக்கு மனசில்லை. அவ்வளவுதானே நடந்தது?

உன் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினாயாம். அவனை முதுகில் சுமந்துகொண்டு நடந்தாயாம். மூச்சு நின்றது தெரியாமலே நடந்தாயாம். இதைச் சொல்லிவிட்டு உன் அப்பா எங்கள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இதற்குமேல் ஒருத்தன் என்னப்பா செய்வான்?

மாமா மறுபடி பஸ் ஓட்டப் போகிறார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ரெண்டு பேரும் அங்கேயே முடிஞ்சு போயிருந்தா நமக்கு யார் வந்து சொல்லியிருப்பா?" என்றார். அப்படியே தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

அவனை அந்த மண்ணில் இறக்கும்போது நம்மவர் என்று நீ ஒருத்தன்தான் நின்றாயாம். நாங்கள் செய்ய வேண்டியதை நீ செய்தாய். உன்னிடம் கணக்குக் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றுதான். கடைசியில் அவன் பசியோடு இருந்தானா? இருந்தான் என்றாலும் சொல். உனக்குப் பொய் சொல்ல வராது என்பதால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

தாயில்லாப் பிள்ளை, வேளைக்குச் சாப்பிடு. அந்த ஊரில் தெரிந்தவர்கள் யாராவது கிடைத்தால் அவர்களோடு இரு. தனியாகக் கிடந்து மனசைப் போட்டு வதைத்துக்கொள்ளாதே. நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

என்றைக்கு வந்தாலும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் உன் வீட்டுக்குப் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போய்விடாதே. உள்ளே வா. மாமாவும் நானும் வீட்டில்தான் இருப்போம்.

இப்படிக்கு,
உன் அத்தை