வண்டியை நிறுத்தச் சொன்னவள்

பிப்ரவரி 9

அன்புள்ள கேரட்டு,

உன் கடிதம் வந்தது. நீ நல்லா இருக்கியா, மகளும் மருமகனும் நல்லா இருக்காங்களான்னு கேட்கணும்தான். கேட்கிற மனசு இல்லை. போன் பண்ணினா நீ மூக்கைச் சிந்தி என்னைக் கவுத்துடுவே. அதனாலதான் எழுதுறேன்.

பயணத்தை மூணு மாசம் தள்ளி வைக்கலாமான்னு கேட்டிருக்கே. காரணம்னு பார்த்தா, உடம்பு கொஞ்சம் சரியில்லைன்னு ஒரே ஒரு வரி. யாருக்குடி இந்த வயசுல உடம்பு சரியா இருக்கு? எனக்கு முட்டி போச்சு. நம்மகூட மீன் வெட்டினாளே மீன்காரி, அவளுக்கு ஒரு கண்ணு மங்கிப் போச்சு. வாசல்ல டிக்கெட் கிழிச்ச டிக்கெட்காரிக்கு வாயில பல்லே இல்லை. அவங்க பெட்டி கட்டி வச்சுட்டாங்க.

மிருகக்காட்சிசாலைத் தீனிக்கூடத்துல இருபத்தெட்டு வருஷம் ஒரே மேசையில நின்னோம். நீ கேரட்டு நறுக்கினே, நான் தராசுல நிறுத்து வாளியில போட்டேன். கறி வர்ற வரைக்கும் அந்தச் சிங்கம் கம்பிக்குப் பின்னால கொட்டாவி விட்டுக்கிட்டுக் கிடக்கும். தானா ஓடிப் பிடிச்சுத் தின்னுற சிங்கத்தை ஆப்பிரிக்கா போய் ஒரு தடவையாவது பார்த்துடணும்னு முதல்ல சொன்னது யாரு? நீ. வாளி கழுவிக்கிட்டே சொன்னே. அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை.

முதல் தடவை கிளம்பினப்ப மகளுக்குப் பிரசவம்னு நின்னுட்டே. பிள்ளை பிறந்தது பதினெட்டு நாள் கழிச்சு. ரெண்டாம் தடவை உன் வீட்டுக்காரர் போயிட்டார். அதைக் குத்தம்னு சொல்ல மாட்டேன், மறக்கவும் மாட்டேன். இந்தத் தடவையும் வரலைன்னா நமக்குள்ள ஒண்ணும் இல்லை. நான் செத்தா மூஞ்சி பார்க்கவும் வராதே. என் தங்கச்சிகூட நான் இருபத்திரெண்டு வருஷமா பேசலை, உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தராசு


பிப்ரவரி 17

என் அன்புத் தராசுக்கு,

திட்டினது போதும். வர்றேன்.

மகள்கிட்ட பெரிய சண்டை. இந்த நேரத்துல என்னம்மா அவசரம்னு கேட்டா. ஆசைடின்னு மட்டும் சொன்னேன். ரெண்டு நாளா என்கூடப் பேசலை.

காட்டுக்குள்ள போட்டுக்க எனக்கும் சேர்த்து பேண்ட் வாங்கிடு. நாலு கிழவிங்க ஒரே நிறத்துல பேண்ட் போட்டுக்கிட்டு நின்னா குரங்குங்க நம்மளை வேடிக்கை பார்க்கட்டும். ஒரே ஒரு விஷயம் கேட்கலாமா? வண்டியில என்னை முன் சீட்டுல உட்கார வச்சுடு. பின்னால ரொம்பக் குலுக்கும்ங்கிறாங்க.

உன்
கேரட்டு


ஏப்ரல் 2

கேரட்டு,

வீடு வந்து எட்டு நாள் ஆச்சு. கோபம் ஆறட்டும்னு பார்த்தேன், ஆறலை.

அஞ்சாம் நாள் காலையை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கலை. ஆத்தோரத்துல சிங்கக்கூட்டம் வரிக்குதிரையை வளைச்சிருக்குன்னு பக்கத்து வண்டிக்காரன் கை காட்டினான். நம்ம டிரைவரும் வண்டியைத் திருப்பிட்டான். அப்பத்தான் நீ அவன் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னே. எதுக்கு? புதருக்கு அடியில எலும்பும் தோலுமா ஒரு கிழட்டுச் சிங்கம் கிடந்ததே, அதுக்கு. இதைப் பார்த்துக்கிட்டு இங்கேயே இருப்போம்னே. ஒன்றரை மணி நேரம் இருந்தோம். அது வாலைக்கூட ஆட்டலை. டிக்கெட்காரி குறட்டையே விட்டுட்டா. ஆத்தோரம் போய்ச் சேர்ந்தப்ப கழுகு மட்டும்தான் மிச்சம். மீன்காரி குழந்தை மாதிரி அழுதா.

படுத்துக் கிடக்கிற சிங்கத்தைப் பார்க்கவா கடல் தாண்டிப் போனோம்? எதுக்காக நிறுத்தச் சொன்னே? எழுது. மழுப்பாதே.

தராசு


மே 11

அன்புத் தராசு,

எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அந்தச் சிங்கத்து மேல எனக்கு ஒரு பரிவும் இல்லை. வண்டி குலுங்கினதைத் தாங்க முடியலை, அவ்வளவுதான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயித்துக்குள்ள கத்தியை வச்சு இழுத்த மாதிரி இருந்தது. முன் சீட்டு முறை வச்சுத்தான்னு நீ சட்டம் போட்டே. என் முறை ஆறாம் நாள். நிறுத்தச் சொல்ல ஒரு சாக்கு வேணும், அது அங்கே படுத்திருந்தது.

கட்டின்னு டாக்டர் ஜனவரியிலேயே சொன்னார். உடனே எடுத்தா பிழைச்சுக்கலாம்னார். அதுக்குத்தான் உன்கிட்ட மூணு மாசம் கேட்டேன். போன மாசம் வயித்தைத் திறந்தாங்க, பார்த்துட்டு அப்படியே தைச்சுட்டாங்க.

முன்னாடியே ஏன் சொல்லலைன்னு கத்துவே. சொன்னா அதையும் சாக்குன்னு சொல்லிடுவியோன்னு பயம். தங்கச்சியை நீ எப்படி விட்டேங்கிறதைப் பக்கத்துல நின்னு பார்த்தவ நான். அப்படி என்னையும் விட்டுட்டா மீதி நாளை யாரோட பேசிக் கழிப்பேன்?

அந்த யானைக்குட்டி அம்மா காலுக்கு நடுவுல ஓடினது அழகா இருந்தது, இல்லையா? வரணும்னா சீக்கிரம் வா.

உன்
கேரட்டு


ஜூன் 20

என் கேரட்டு,

இது மூணாவது கடிதம். முதல் ரெண்டுக்கும் பதில் இல்லை. எழுத்து தப்பா இருந்தா என் பேத்தி திருத்தித் தர்றேங்கிறா. இதை அவ படிக்கக் கூடாது.

உன் கடிதம் கைக்கு வந்த அன்னிக்கே பஸ் ஏறினேன். உன் மகள் கதவைப் பாதிதான் திறந்தா. அவ கையில நான் பிப்ரவரியில எழுதின கடிதம்.

"இதை எழுதினது நீங்கதானே, பெரியம்மா?"

அப்பவும் பெரியம்மான்னுதான் கூப்பிட்டா. நான்தான்னேன். அம்மா தூங்கறாங்கன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டா. உள்ளே நீ இருமினது கேட்டது. எதிர்வீட்டு மதிலோரமா நின்னுட்டு, சாயங்கால பஸ்ல திரும்பிட்டேன்.

அந்த ரெண்டு கடிதத்துலயும் எழுதாததை இப்ப எழுதுறேன். எனக்குத் தெரியும்டி. என்ன நோயின்னு தெரியாது. ஏதோ இருக்குன்னு தெரியும். விமான நிலையத்துல உன் பேண்ட் இடுப்புல நிக்கலை, கயிறு போட்டுக் கட்டியிருந்தே. உன் தட்டுல இருந்ததையெல்லாம் டிக்கெட்காரி தட்டுக்குத் தள்ளினே. நாலாம் நாள் மத்தியானம் குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு முனகினே. எல்லாரும் தூங்கினாங்க, நான் முழிச்சுத்தான் இருந்தேன். கதவைத் தட்டலாம்னு எழுந்து உட்கார்ந்தேன். என்னன்னு கேட்டா வீட்டுக்குப் போகணும்னு சொல்லிடுவியோன்னு திரும்பவும் படுத்துட்டேன். மறுநாள் ஆத்தோரம் கூட்டிட்டுப் போறேன்னு டிரைவர் சொல்லியிருந்தான்.

யார் எனக்கு எந்தத் தேதியில என்ன செஞ்சாங்கன்னு கேட்டா இப்பவும் ஒப்பிப்பேன். நான் பிறத்தியாருக்குச் செஞ்சது எதுவும் மனசுல தங்கினதில்லை. இந்த மத்தியானம் மட்டும் தங்கிடுச்சு.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். இதுவரைக்கும் நான் யாரையும் மன்னிச்சதில்லை. அதை எப்படிக் கேட்டு வாங்குறதுன்னு தெரியலை. நீ மன்னிக்க வேண்டாம். பேசாம மட்டும் இருக்காதே. உன் கை வரலைன்னா மகளை விட்டு ஒரு வரி எழுதச் சொல்லு. திட்டியே எழுதட்டும்.

தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். நான் பத்துக்கே வாசல்ல நிக்கிறேன். இன்னிக்கு அவர் தெருமுனையிலேயே என்னைப் பார்த்துக் கையை விரிச்சுக் காட்டிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார்.

உன்
தராசு