அரக்கு நிற மதர்போர்டும் தலையில்லா அன்னங்களும்

அனுப்புநர்:
யே. லில்லி,
கணினி வடிவமைப்பாளர்,
பாலாற்றங்கரைப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம்,
காஞ்சிபுரம்.

பெறுநர்:
உயர்திரு உதவி இயக்குநர் அவர்கள்,
கைத்தறி மற்றும் துணிநூல் துறை,
காஞ்சிபுரம்.

பொருள்: சங்கக் கணினிக்கு நிறம் பார்த்து மதர்போர்டு வாங்கியது – அதை மாற்றவும், என் மீதான குறிப்பாணையை ரத்து செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சங்கத்தில் புடவை டிசைன்களைக் கணினியில் வரைந்து, தறிக்கு டிசைனைச் சொல்லும் ஜக்கார்டு துளை அட்டை குத்தக் கொடுப்பது என் பணி. முன்பு வைரஸ் புகுந்து டிசைன்களைத் தின்றுவிட்டதால் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறினோம். அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது என்றதும் நிர்வாகக் குழு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அதுவரை யாருக்கும் மனக்கசப்பில்லை.

2. சென்ற மாதம் பழைய மதர்போர்டு புகைந்துபோயிற்று. லினக்ஸுக்கு எல்லா போர்டும் ஒத்துப்போவதில்லை ஐயா. போர்டிலுள்ள சிப்செட்டை அது அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். நேற்று சந்தைக்கு வந்த சிப்செட்டுக்கு டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், எழுதப்பட்டிருக்காது. ஓராண்டு பழகியதே நம்பகமானது. சென்னை லினக்ஸ் அன்பர்களிடம் மின்னஞ்சலில் விசாரித்து ஒரு மாடலைப் பரிந்துரைத்தேன். பச்சை நிறம், பார்வைக்குச் சாதாரணம்.

3. கடைக்காரர் அதையும், புதிதாக வந்த வேறொன்றையும் அனுப்பிவைத்தார். குழுவினர் இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டாவது போர்டு அரக்கு நிறம். மேலே பொன்னிறத் தகடு வேறு. குழு உறுப்பினர் திருமதி வடிவாம்பாள் அத்தகட்டின் ஓரத்தை உரைகல்லில் உரசி, சரிகைக்குச் சொல்வதுபோலவே, பரவாயில்லை என்றார். சிப்செட் பற்றி நான் வாய் திறந்தபோது தலைவர் திரு. முனிரத்தினம் என் பச்சை போர்டைக் கையில் எடுத்து, "போன வருஷத்து சரக்காம்மா இது? தள்ளுபடியில போட்டாகூட போகாது" என்றார். அரக்கு போர்டு வாங்கப்பட்டது.

4. போர்டு எப்படியும் பெட்டிக்குள்தான் இருக்கும், நிறம் யார் கண்ணிலும் படாது என்று பணிவுடன் தெரிவித்தேன். "புடவைகூட பீரோவுலதாம்மா இருக்குது. அதுக்காக கலர் பாக்காம எடுப்பாங்களா?" என்றார் தலைவர்.

5. அன்று தொடங்கி கணினி நினைத்த நேரத்தில் உறைந்துவிடுகிறது. தை மாத முகூர்த்தப் புடவை ஒன்றின் முந்தானைக்கு அன்னப்பட்சி வரைந்து சேமித்தபோதும் உறைந்தது. கோப்பு பாதியில் அறுந்தது தெரியாமல் அட்டை குத்தி, தறியில் ஏற்றிவிட்டார்கள். முந்தானை முழுக்க அன்னங்கள் கழுத்தோடு நின்றன. நெசவாளர் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார். புது டிசைனாக இருக்கும், நெய்யுங்கள் என்று சொன்னவர் தலைவரேதான்.

6. பெண் வீட்டார் புடவையைப் பிரித்துப் பார்த்து அழாத குறை. ஆனால் குறிப்பாணை வந்தது எனக்கு: கவனக்குறைவுக்காக வடிவமைப்பாளர் பணியிடத்தை ஏன் ஒழிக்கக் கூடாது என்று. ஐயா, நான் வரைந்த அன்னத்துக்குத் தலை இருந்தது. அதைச் சொல்லும்போது எனக்கு அழுகையே வருகிறது.

7. சங்கத்தின் கடிதம் இருந்தால் தீபாவளிக்குள் பச்சை போர்டை மாற்றித் தருவதாகவும், உரைகல் கீறலைப் பொருட்படுத்தப்போவதில்லை என்றும் கடைக்காரர் சொல்லிவிட்டார். கடிதம் தரத் தலைவர் மறுக்கிறார். நல்ல அரக்கை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா என்பது அவர் வாதம்.

8. இம்மனுவையும் கணினியில்தான் அடிக்கத் தொடங்கினேன். கையெழுத்தில் வந்திருப்பதிலிருந்து மீதியைத் தாங்களே ஊகிக்கலாம்.

ஆகவே, குறிப்பாணையை ரத்து செய்து, போர்டை மாற்ற ஆணையிடுமாறு வேண்டுகிறேன். வழக்கம்போல இம்மனுவை 'தக்க நடவடிக்கைக்காக' எங்கள் தலைவருக்கே அனுப்பிவிட வேண்டாம். தங்கள் ஆணையில் சிப்செட், டிரைவர் என்றெல்லாம் விளக்கவும் வேண்டாம். அந்தப் பச்சை போர்டைப் 'புதுவரவு' என்று ஒரு வார்த்தை குறிப்பிட்டால் போதும். தலைவரே ஆட்டோ பிடித்துப் போய் வாங்கி வந்துவிடுவார். அன்னங்களுக்குத் தலை வரும், எனக்கும் வேலை மிஞ்சும்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கியிருக்கும்,
யே. லில்லி

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 25.10.2004