செம்பருத்திக்கு அடித்த தின்னர்

பென்னலூர், 1991

என் வசந்தி,

அன்றைக்குக் காலை பத்து நாற்பது. பிரஸ் மெஷினுக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் குனிந்து, "வெளிய வாப்பா. படப்பை ரோட்ல உன் வூட்டுக்காரிய லாரி இட்ச்சிட்ச்சாம்" என்றார். மீதி இரண்டு நட்டையும் முடுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன்?

கருமாதி முடியும்வரை உன் செம்பருத்திப் பக்கம் யாரும் போகவில்லை. அந்தப் பதினாறு நாளில் மொட்டு, தண்டு எல்லாம் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. தன் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் நட உன் அம்மா ஒரு கொம்பு கேட்டிருந்தார். "பூச்சி இல்லாததா குடுங்க மாப்ள. அவ கை பட்டதுல அது ஒண்ணுதான் உசுரோட கீது."

முதலில் விரலால் நசுக்கினேன். மஞ்சளாகப் பிசுபிசுத்தது. நசுக்க நசுக்க வெறி ஏறியது. அந்த லாரிக்காரன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கைக்குக் கிடைத்தவை இவைதான். பூச்சிமேல் இருக்கும் மாவு மெழுகுதானே, பெயிண்டில் கலக்கும் தின்னர் மெழுகைக் கரைக்குமே என்று என் மெக்கானிக் மூளை சொன்னது. கம்பெனி பெயிண்ட் ஷாப்பிலிருந்து ஒரு கேன் கொண்டுவந்து மருந்தடிக்கும் பம்பில் ஊற்றி அடித்தேன். கொத்துக் கொத்தாக விழுந்தன. விழுந்ததையும் செருப்பால் தேய்த்தேன். தேய்க்கும்போது கத்தினேனாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

இலைக்கும் மேலே மெழுகு உண்டாமே வசந்தி? மறுநாள் சாயங்காலத்துக்குள் செடி முழுக்கக் கருகிவிட்டது.

உன் அம்மா வந்து பார்த்தார். "பூச்சியக் கொல்லுன்னா செடியவே கொன்னுட்டியேடா பாவி!" கல்யாணமாகி முதல்முறையாக என்னை 'டா' போட்டார். முதுகில் ஓங்கி ஓர் அடி. வலித்தது. நீ போன பிறகு எனக்கு வலித்தது அதுதான்.

பிறகு அவரே உட்கார்ந்து அடித்தண்டை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை.

"வேர் கீது. மேல கீறத அறுத்துத் தள்ளு. இன்னா பாத்துகினு நிக்கிற?"

அவர் தண்டைப் பிடித்துக்கொண்டார். நான் ரம்பத்தால் அறுத்தேன். இப்போது முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை நிற்கிறது. துளிர்க்குமா?

துளிர்த்தால் முதல் கொம்பு பிள்ளைப்பாக்கத்துக்கு. இல்லையென்றால் நானே போய் உன் அம்மா முன்னால் நின்று சொல்வேன், இன்னொரு அடி வாங்கிக்கொள்வேன். அதுவரை எதன்மேலும் கை ஓங்க மாட்டேன்.

உன் புருஷன்,
பாஸ்கர்