லண்டனுக்கு ஜூன் மாதமே உத்தமம்

ஜஹனாரா,

மீன் வாங்க மாமல்லபுரம் போகிறேன். ஆணம் அடுப்பின் மேல் குழம்புச் சட்டியில் இருக்கிறது. உப்புப் போட்டது நான், அதனால் ஒரு தடவை ருசி பார்த்துவிடு.

லண்டன் போக எந்த மாதம் நல்லது என்று கேட்க மத்தியானம் உன் தம்பி கையூம் வருவான். கப்பலில் சமைத்து அந்த ஊரைப் பார்த்தவன் குடும்பத்திலேயே நான் ஒருவன்தானே. ஜூன் என்று சொல். ஊரெல்லாம் பூ, குளிரும் இல்லை. அத்தனையும் உண்மை.

அங்கே ஜூனில் சூரியன் ஒன்பது மணிக்கு மேல்தான் இறங்கும் என்பதை மட்டும் சொல்லாதே. ரமலானும் அப்போதுதான். நம்மூர் போல ஆறரைக்கே நோன்பு திறக்கலாம் என்று நினைத்திருக்கிறான்.

போன ரமலானில் பாங்கு சொல்ல மோதினார் தொண்டையைச் செருமியதுமே நான் கஞ்சியை வாயில் வைத்தது தப்புதான். அதற்காகப் பள்ளிவாசல் முழுக்கக் கேட்க, "இன்னா மச்சான், பாங்கு உங்க வயித்துலயா சொல்றாங்க? நான்லாம் லண்டன் போனாலும் ஒரு நோன்பு வுட மாட்டேன்" என்று கத்துவானா? வீட்டில் அதைக் கேட்டு நீயும் சிரித்தாய். அது தனிக் கணக்கு.

சாவி ஜன்னலில்.

மறந்துவிட்டேன்: பிரயாணி நோன்பைப் பிறகு பிடிக்கலாம் என்பது வீறாப்பில் அவனுக்கு ஞாபகமில்லை. நீ வாய் திறக்காதே. அவன் பட்டினி கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது, கப்பல் ஏறும் அன்று நானே காதோடு சொல்லிவிடுவேன். அதுவரை ஊரெல்லாம் ஜம்பம் அடிக்கட்டும். பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும் எனக்கு.