நீ குடித்த மருந்து

இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நற்பிட்டிமுனைப் பக்கத்திலிருந்து காற்று மாறி வீசியது. வயலுக்கு மருந்து அடிக்கிறார்கள். கதவைச் சாத்தினாலும் அந்த மணம் யன்னல் வழியாக வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து மகள் தொலைபேசியில் அழைத்தாள். தினமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்.

“உம்மா, மருந்து குடிச்சிட்டீங்களா?”

“குளிசை போட்டுட்டன்” என்றேன்.

பிரஷருக்குக் குளிசை போடுகிறேன். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறேன். இருமல் வந்தால் பாணி குடிக்கிறேன். மருந்து மட்டும் குடிப்பதில்லை. ‘மருந்து குடித்தேன்’ என்று என் வாயால் சொல்லி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. மகளுக்கு இது உம்மாவின் விசர்களில் ஒன்று. என் பள்ளிக்கூடக் கூட்டாளி, உனக்காவது இது விளங்க வேண்டும். ஆனால் நீ நினைவு தப்பி விழுந்த பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாதே. அதைச் சொல்ல உனக்கு யார் இருக்கிறார்கள்? நான் சொல்கிறேன், கேள்.

முதலில் உனக்குத் தெரிந்ததிலிருந்து வருகிறேன். எண்பதுகளின் தொடக்கம். ஏ.எல். வகுப்பில் உயிரியல் படிக்க நம்மைப் போல ஒரு சில பெண்பிள்ளைகள்தான் இருந்தோம். தவளை வெட்டும் நாளில் மற்றவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, நீ கத்தியை எடுத்து ‘பிஸ்மி’ சொல்லி வெட்டினாய். “ஹலாலாத்தான் அறுக்கன்கா, பயப்படாதங்க” என்றாய். ரீச்சருக்கே சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அதன் நெஞ்சைத் திறந்து, இன்னும் துடித்துக்கொண்டிருந்ததைக் காட்டி, “பாருகா, எவ்வளவு சின்ன மெசின்” என்று ஆச்சரியப்பட்டாய். அந்த வயதில் ஆச்சரியப்படுவதற்கு உனக்கு எதுவுமே போதுமானதாக இருந்தது.

ஆண் டொக்டரிடம் காட்ட வெட்கப்பட்டு, பிரசவ வலியோடு வீட்டிலேயே கிடந்து மௌத்தான பெண்கள் அந்தக் காலத்தில் எல்லாக் குடியிலும் இருந்தார்கள். உன் சாச்சியும் அப்படித்தான் போனாள். அந்த மையத்து வீட்டில் வைத்துத்தான் நீ முதன்முதலில் டொக்டராகப் போவதாகச் சொன்னாய். உன் வாப்பா அதைத் தேத்தண்ணிக் கடையில் சொன்னார். அவர் சவளக்கடை ஊரில் வயல் செய்த பெரிய போடியார், அவர் சொன்னால் ஊருக்கு அது நடந்து முடிந்த சங்கதிதான். நீ சோதினை எழுத முதலே ஊர் உன்னை ‘டொக்டர் புள்ள’ ஆக்கிவிட்டது. ஊருக்கு அவசரம். உனக்கு அது விளையாட்டாக இருந்தது, பிறகு பாரமாகியது.

நம் தெருவின் முனையில் மரைக்காரின் மருந்துக்கடை இருந்ததே, அதை மறந்திருக்க மாட்டாய். பள்ளிவாசல் நிருவாகத்தில் அவர்தான் பெரிய மரைக்கார். அவர் சொல்லாமல் பள்ளியில் பாயும் விரிக்க மாட்டார்கள். கடைக்கு இரண்டு கதவு. ஒரு கதவில் வயல் மருந்து, மற்றக் கதவில் வருத்த மருந்து. நடுவில் அவருடைய கதிரை. வெளிநாட்டுச் சாமான்கள் கப்பல் கப்பலாய் வந்து இறங்கத் தொடங்கிய காலம் அது. முன்பு கண்ணால் காணாத குளிசைகளெல்லாம் அவருடைய கண்ணாடி அலுமாரிக்குள் வந்து சேர்ந்தன. அதில் ஒன்றுக்கு ரியூட்டரிப் பெடியன்கள் ‘சோதினைக் குளிசை’ என்று பெயர் வைத்தார்கள். போட்டால் நித்திரை வராது. படித்தது அப்படியே நிற்குமாம்.

டொக்டரின் துண்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத குளிசை அது. நாமிருவரும் போனபோது மரைக்கார் துண்டு கேட்கவே இல்லை.

“ஒனக்கு என்னத்துக்குப் புள்ள துண்டு? நாளைக்கு எங்கட கடைக்கு நீதானே துண்டு எழுதித் தரப்போறா” என்று சிரித்தார்.

நீயும் சிரித்தாய். ஊரே உன்னைத் தூக்கி வைத்திருந்தபோது அந்த மனிதர் உனக்குக் காட்டிய மரியாதை அது.

நானும் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, கை விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போல ஆடின. மிச்சத்தைக் கிணற்றடி வாழைக்குள் எறிந்துவிட்டு வந்து உன்னிடம் சொன்னேன். “அப்ப நீ வாத்திச்சியாத்தான் போவா” என்றாய். வாத்திச்சியாகத்தான் போனேன்.

நீ விடவில்லை. உன் உம்மா காலையிலும் பின்னேரமும் இஞ்சித் தேத்தண்ணீர் ஊற்றி, கோப்பைக்குக் கீழே பீரிசில் அந்தக் குளிசையையும் வைத்துக் கொண்டுவந்து தருவார். மகள் கண் மூடாமல் படிக்கிறாள் என்று அவருக்குப் பெருமை. நீ மெலிந்தாய். உதடு காய்ந்து வெடித்தது. ரியூட்டரியில் ஒரு கேள்விக்குப் பத்துப் பதில் சொன்னாய், ஒன்றும் கேட்ட கேள்விக்கு இல்லை. எழுத்து கோடு தாண்டி ஓடியது. சாப்பிட்டாயா என்று கேட்டால், “பசிக்குதில்லகா. இந்தக் குளிசை சோத்தையும் மிச்சம் புடிக்கிது” என்றாய். ஒருநாள் என் தோளில் தலையை வைத்து மெதுவாகச் சொன்னாய், “சோதினை முடிய ஒரு கிழமைக்குப் படுப்பன். ஒருத்தரும் எழுப்பப்படா.”

உன் உம்மாவிடம் போய், “மாமி, அவக்கு இது வேணாம், ஒடம்பு கெட்டுப் போகுது” என்றேன்.

“சோதினை மட்டுக்கும்தானே மகள்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுப்பது மருந்து என்று நம்பினார். மருந்துக்கடையில் மரைக்காரே எடுத்துக் கொடுத்தது வேறு என்னவாக இருக்கும்?

அந்தக் காலை நான் தாவரவியல் கொப்பியை வாங்க உன் வீட்டுக்கு வந்தேன். நீ குசினிப் படியில் குளிசையை விழுங்கி, தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்தாய். எழும்பினாய். என்னைப் பார்த்து எதையோ சொல்ல வந்தாய். அப்படியே விழுந்தாய்.

இனி உனக்குத் தெரியாதது. உன் உம்மா வாசல் கடப்படிக்கு ஓடி, தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். “எண்ட கிளி வெறும் வயித்தில மருந்து குடிச்சிட்டாளே!” சரியாக இதைத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற நான் கேட்டேன். தெரு கேட்டதோ கடைசி இரண்டு சொல்லை மட்டும். மருந்து குடிச்சிட்டாள். நம் பகுதியில் அதற்கு என்ன கருத்து என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து, சாவதற்குக் குடிப்பதும் மருந்து. மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். ஒரு பெண்பிள்ளை மருந்து குடித்துவிட்டாள் என்று கடப்படியில் கத்தினால், எந்த மருந்து என்று கேட்கிற வழக்கம் இங்கே இல்லை.

வந்தவர்களில் ஒருவர் நேரே வயல் சாமான் வைக்கும் மால் அறைக்குப் போய், உன் வாப்பா வயலுக்கு வாங்கி வைத்திருந்த போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி இருந்தது. முந்திய கிழமைதான் சவளக்கடையில் அடித்தார்கள், பாதிதான் இருக்கும். ஆனால் அதைக் கண்டதும் எல்லாருக்கும் கதை முடிந்துவிட்டது. உன் வாப்பா வயலில் நின்றார். மரைக்காரின் காரில்தான் உன்னையும் அந்தப் போத்தலையும் ஏற்றினோம். உன் தலை என் மடியில் இருந்தது. வயல் மருந்தின் மணம் இந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். உன் வாயில் அந்த மணம் இல்லை. இஞ்சித் தேத்தண்ணீர்தான் மணந்தது. உன் உம்மா முன் ஆசனத்தில் மயங்கிக் கிடந்தார்.

அன்று ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் சிங்களவர், இளம் பிள்ளை. ஓடிவந்து உன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, என்ன குடித்தாள் என்று சிங்களத்தில் கேட்டார். எங்களில் சிங்களம் தெரிந்தவர் மரைக்கார் மட்டும். அவர் பதில் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியாது, ஆனால் போத்தலைச் சுட்டிய கை தெரியும்.

“குளிசை! குளிசைதான் போட்டவ, மரைக்கார் கடைக் குளிசை!” என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “சும்மா இரு புள்ள. பெரியாக்கள் கதைக்கக்குள்ள வாயப் போடாத.”

அவர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா? தெரியாமல் என்று நினைத்துவிட்டால் எனக்குச் சுகமாக இருக்கும். ஆனால் அந்தக் குளிசைகளை ஒரு கிழமைக்கு முன்தான் அவர் கையாலே உனக்கு எண்ணித் தந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவ்வளவு மறதிக்காரர் பள்ளிவாசல் காணிகளின் எல்லையை எப்படி ஒரு சாணும் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார்?

டொக்டர் தனக்குச் சொல்லப்பட்ட நஞ்சுக்குத் தேவையானதைச் செய்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் நீ மௌத்தானாய்.

அதோடு முடியவில்லை. ஜனாஸாவைப் பள்ளிக்குக் கொண்டுபோன பிறகு அங்கே ஒரு கதை எழும்பியதாம். தன்னைத் தானே அழித்துக்கொண்டவளுக்கு இமாமான பெரிய லெப்பை தொழுவிக்கலாமா? மரைக்கார்தான் தீர்ப்புச் சொன்னாராம். “தொழுகை நடக்கட்டும். ஆனா பெரிய லெப்பை வேணாம், வேற ஆள் தொழுவிக்கட்டும். மத்தப் புள்ளைகளுக்கும் ஒரு பயம் வேணும்.” என் வாப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, சோறு வேண்டாம் என்று படுத்தார். குளிசை விற்றவர் பள்ளிக்குள் நிற்க, குளிசை போட்டவளுக்கு இமாம் வெளியே போய்விட்டார்.

நான் சொல்லாமல் இருக்கவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மரண விசாரணைக்கு வந்தவரிடம் சொன்னேன். பக்கத்தில் இருந்த மரைக்கார், “கூட்டாளிப் புள்ள, மனசு கேக்குதில்ல பாவம்” என்றார். விசாரணை செய்தவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். உன் உம்மா வந்தவர் போனவரிடமெல்லாம், “நான்தான் குளிசைய பீரிசில வெச்சன், எண்ட புள்ள போத்தலைத் தொடல்ல” என்று சொல்லி அழுதார். “பெத்த வயிறு, அப்படித்தான் செல்லும்” என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து வேறு கதைத்தார்கள்.

காரணமும் தேட வேண்டுமே. முதலில் சோதினைப் பயம் என்றார்கள். பிறகு காதல் என்றார்கள். காதலுக்கு ஆள் அகப்படாததால் மறுபடியும் சோதினைப் பயத்துக்கே வந்தார்கள். தவளையை ‘பிஸ்மி’ சொல்லி வெட்டியவளுக்குப் பயமாம்! அவர்களுக்கு அந்தக் கதைதான் வசதி. குளிசை என்று ஒத்துக்கொண்டால், தங்கள் பிள்ளைகளின் மேசையையும் திறந்து பார்க்க வேண்டும். உன்னை டொக்டராக்க அவசரப்பட்ட எல்லாரும் தங்கள் வாயையும் பார்க்க வேண்டும். நீயாகப் போனாய் என்றால் குற்றம் உன்னோடு கபுறுக்குள் போய்விடும். மையவாடியில் மண் தள்ளியதும் எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டார்கள். அடுத்த சோதினைக் காலத்திலும் அந்தக் குளிசை அதே கண்ணாடி அலுமாரியில்தான் இருந்தது.

உன் உம்மா அதற்குப் பிறகு இஞ்சித் தேத்தண்ணீர் ஊற்றவே இல்லை. மௌத்தாகும் வரை என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வார். மரைக்கார் நல்ல வயது சென்று போனார். பெரிய லெப்பைதான் தொழுவித்தார். சனம் தெருவில் நின்றும் தொழுதது என்று சொன்னார்கள்.

என்னிடம் விஞ்ஞானம் படித்த ஒருத்தி டொக்டராகி இந்த ஊருக்கே வந்தாள். ஆம், நம் ஊருக்குப் பெண் டொக்டர் கிடைத்தார், நீ இல்லாமல். அவளிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். “ரீச்சர், அந்தக் குளிசையே நெஞ்ச நிப்பாட்டியிருக்கும். வயல் மருந்தெண்டு நெனச்சிப் போட்ட ஊசி நெஞ்ச இன்னும் கெதியா அடிக்க வெச்சிருக்கும்” என்றாள். அந்தச் சின்ன மெசினை நினைத்தேன். இவ்வளவு காலமும் எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இன்னொரு வாய் அதைச் சொல்லக் கேட்டபோது, அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

போன மாதம் தெருவில் ஒரு இளம் தாய் தன் மகளுக்கு உங்கள் பழைய வளவைக் காட்டி, “இஞ்சதான் ஒரு புள்ள சோதினைக்குப் பயந்து மருந்து குடிச்சி மௌத்தான” என்றாள். அவள் மரைக்காரின் பேத்தி. நான் நின்றேன்.

“அவ பயப்படல்ல மகள். மருந்து குடிச்சதும் உண்மைதான். அந்த மருந்து உங்கட மூத்தவாப்பாட கடையில வாங்கின. நானும் கூடப் போனன்” என்றேன். அவள் முகம் கறுத்துவிட்டது. மகளை இழுத்துக்கொண்டு போனாள். மகள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனது. அந்தப் பிள்ளை ஒருநாள் கேட்கும் என்று நம்புகிறேன்.

இன்று மகளிடம் தொலைபேசியை வைக்க முதல் ஒன்று சொன்னேன்.

“நான் மௌத்தானா, ‘உம்மா மருந்து குடிச்சிட்டுத்தான் படுத்தா’ எண்டு ஒருத்தருக்கும் செல்லிப்போடாத. குளிசை போட்டுட்டுப் படுத்தா எண்டு செல்லு. எந்தக் குளிசை எண்டும் செல்லு.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நீ இருந்தால் அவளை விடக் கூடச் சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை.